பேரனுக்குச் சொல்லிக் கொடுக்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு விவாகரத்து வழக்கு நடக்கிறது. 8 வயதுப் பேரன் யாரோடு இருப்பது என்பதுதான் தகராறு. மாப்பிள்ளையின் வக்கீல், வழக்குகளுக்கு மதிப்பீடு செய்து தரும் ஒரு தனியார் தடயவியல் உளவியலாளரை ஏற்பாடு செய்திருக்கிறார். பணம் கொடுப்பது அவர்கள். அறிக்கை வேறு யார் பக்கம் வரும்? பையன் அங்கே என்ன பேச வேண்டும் என்று நாங்கள் சொல்லிக் கொடுக்கலாமா? என்னையும் கூப்பிடுவார்களாம். எனக்குத் தமிழ்தான் சரளமாக வரும்.
- ஓர் ஆயா, சாட்ஸ்வொர்த், தென்னாப்பிரிக்கா

பதில்: அம்மா, தயவுசெய்து சொல்லிக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

நானும் டர்பனில் இதே வேலையைத்தான் செய்கிறேன். அடையாளம் தெரியாதபடி ஒன்று சொல்கிறேன். 7 வயதுப் பையன் ஒருவன் என் அறைக்குள் வந்து உட்கார்ந்தான். நான் பேர் கேட்பதற்குள், "அப்பா ஜீவனாம்சம் ஒழுங்காகக் கட்டுவதில்லை" என்றான். ஜீவனாம்சம் என்றால் என்ன கண்ணா என்றேன். விழித்தான். "ஆயா சொல்லச் சொன்னாங்க" என்று அழுதுவிட்டான். அன்றைக்கு அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை, கலர் பென்சில்களை எடுத்து வைத்தேன். அந்த வீட்டில் அவனுக்கு உண்மையிலேயே ஒரு கஷ்டம் இருந்தது. அதை அவன் சொந்த வார்த்தையில் கேட்க இன்னும் மூன்று சந்திப்புகள் பிடித்தன. சொல்லிக் கொடுத்ததை அறிக்கையில் எழுதாமல் விடவும் முடியவில்லை. அந்த ஆயா கெட்டவர் இல்லை, பேரன்மேல் உயிரையே வைத்திருந்தவர். பேசும் உரிமையை 2005ஆம் ஆண்டுக் குழந்தைகள் சட்டம் பையனுக்குத்தான் கொடுத்திருக்கிறது. அதில் நம் வார்த்தையை நுழைத்தால் அவன் குரல் கேட்காமலே போய்விடும்.

'தடயவியல்' என்றதும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஃபோர்ட் நேப்பியர் மருத்துவமனை நினைவுக்கு வந்து பயந்திருப்பீர்கள். குற்ற வழக்கில் சிக்கியவர் விசாரணைக்கு ஏற்ற மனநிலையில் இருக்கிறாரா என்று பார்க்க அங்கே அனுப்புவார்கள். உங்கள் விஷயம் வேறு.

பணத்துக்கு வருகிறேன். யார் கட்டணம் கொடுத்தாலும் உளவியலாளர் உண்மை சொல்லக் கடமைப்பட்டிருப்பது நீதிமன்றத்துக்கு. எல்லோரும் அப்படி நடக்கிறார்களா என்று கேட்பீர்கள். இல்லைதான், அதனால்தான் சில விஷயங்களைக் கவனிக்கச் சொல்கிறேன். அவர் பெயர் ஹெச்.பி.சி.எஸ்.ஏ என்ற மருத்துவத் தொழிலர் கவுன்சிலின் பதிவேட்டில் இருக்கிறதா என்று மகளைப் பார்க்கச் சொல்லுங்கள். தகப்பனை மட்டும் பார்த்துவிட்டுத் தாயைப் பற்றி முடிவு எழுதுவது எங்கள் தொழில் நெறிக்கே விரோதம். ஆகவே கூப்பிட்டால் உங்கள் மகள் கண்டிப்பாகப் போகட்டும். ஆனால் அந்த உளவியலாளர் ஆறுதல் சொல்லும் ஆலோசகர் இல்லை, அங்கே பேசுவது அறிக்கைக்குப் போகலாம். இதை மகள் தெரிந்துகொண்டே போக வேண்டும். அறிக்கை தவறென்று பட்டால் உங்கள் வக்கீல் அவரைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்யலாம். செலவு பெரிதென்றால், விவாகரத்து வழக்கில் குழந்தையின் நலனைப் பார்க்கும் ஃபேமிலி அட்வகேட் அலுவலகத்தைக் கேளுங்கள். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசு நடத்துவது, அங்கே கட்டணம் கிடையாது.

உங்களைக் கூப்பிட்டால் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கூச்சப்படாமல் முன்னாலேயே கேளுங்கள். மதிக்கப்பட வேண்டிய மொழிகள் என்று இந்த நாட்டு அரசியல் சட்டம் பெயர் சொல்லும் மொழிகளில் தமிழும் ஒன்று. மகளை மட்டும் மொழிபெயர்க்க வைக்காதீர்கள், வழக்கே அவளுடையது. ஆங்கிலத்தில் இருக்கும் கேள்வித்தாளை யாராவது அந்த இடத்திலேயே தமிழில் சொல்லி உங்களிடம் பதில் வாங்கினால், அந்த மதிப்பெண்ணை நம்ப முடியாது. அதையும் வக்கீலிடம் சொல்லுங்கள்.

அன்று காலையில் பையனுக்கு வயிறாரச் சாப்பாடு கொடுங்கள். ஊசி போட மாட்டார்கள், ஒருத்தரோடு பேசிவிட்டு வரப் போகிறாய், தெரியாததைத் தெரியாது என்றே சொல்லலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று சொல்லுங்கள். திரும்பி வந்ததும் "என்ன கேட்டாங்க, என்ன சொன்னே?" என்று துருவாதீர்கள். விளையாடப் போகட்டும்.