ஐரோப்பாவின் சிறிய மொழிகளை ஆங்கிலமா அழிக்கிறது?

கேள்வி: ஐரோப்பா முழுக்க ஆங்கிலம் பரவிவருகிறதே, அங்குள்ள சிறுபான்மை மொழிகள் அதனால் அழிந்துவிடுமா?

நான் புதுச்சேரிக்காரி. பன்னிரண்டு வருடமாகப் பிரான்சின் மேற்குக் கோடியில், பிரிட்டனியில், லோரியான் துறைமுகத்துக்குப் பக்கத்து ஊரில் குடியிருக்கிறேன். அந்தத் துறைமுகம் உருவானதே நம் கடற்கரைக்குக் கப்பல் விட்ட பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத்தான். இந்தப் பகுதியின் சொந்த மொழி பிரெத்தோன். பிரெஞ்சுக்கும் அதற்கும் நெருங்கிய உறவு இல்லை. வேல்ஸ் நாட்டு மொழிக்குத்தான் அது நெருங்கிய சொந்தம்.

இங்கே நான் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். பிரெத்தோனை ஒடுக்கியது ஆங்கிலம் அல்ல, பிரெஞ்சு. ஆங்கிலத்துக்குப் பயந்து பிரெஞ்சுக்காரர்கள் போட்ட வேலியில் மாட்டிக்கொண்டதும் பிரெத்தோன்தான்.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு 87 வயது. அவர் படித்த காலத்தில், பள்ளிக்கூடத்தில் பிரெத்தோன் பேசி அகப்பட்ட பிள்ளையின் கழுத்தில் ஒரு பழைய மரச்செருப்பைக் கட்டித் தொங்கவிடுவார்களாம். அதைக் கழற்ற ஒரே வழி, அடுத்தபடி பிரெத்தோன் பேசும் பிள்ளையைக் காட்டிக்கொடுப்பது. சாயங்காலம் மணி அடிக்கும்போது செருப்பு யார் கழுத்தில் இருக்கிறதோ அந்தப் பிள்ளைக்குத் தண்டனை. ஒருநாள் சொந்தத் தங்கையையே காட்டிக்கொடுத்ததை அவர் என்னிடம் சொன்னார். அப்போது கல்லில் மாவு ஊற்றிக்கொண்டிருந்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. நம் தோசைக்கல்லைவிடப் பெரிய இரும்புக்கல் அது, பிலிக் என்பார்கள். மாவைப் பரப்ப ஒரு சின்ன மரக்கட்டை உண்டு, அதற்கு ரோசெல் என்று பெயர். பிள்ளைகளோடு பிரெஞ்சு மட்டுமே பேசி வளர்த்த வீடுகளில்கூட இந்தச் சமையலறைச் சொற்கள் மட்டும் தங்கிவிட்டன.

பாட்டியும் அப்படித்தான், தன் மகனிடம் ஒரு வார்த்தை பிரெத்தோன் பேசியதில்லை. ரயில்வே வேலையோ கடற்படையோ, பிள்ளை எங்கே போனாலும் பிரெஞ்சு சுத்தமாக வர வேண்டும் என்று 1950களில் ஊர் ஊராகப் பெற்றோர்கள் எடுத்த முடிவு அது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்தச் செருப்பை மாட்டி நடந்தவர்கள் அவர்கள். 1950 வாக்கில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் பேசிய மொழி. 2018 கணக்கெடுப்பில் சுமார் 2 லட்சம். 2024இல் ஏறக்குறைய 1,07,000.

இனி ஆங்கிலத்துக்கு வருகிறேன். 1992இல், ஐரோப்பிய ஒன்றியத்துக்கான மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்த நேரத்தில், ஆங்கிலம் எல்லாவற்றையும் விழுங்கிவிடும் என்ற கவலையில் பிரான்ஸ் தன் அரசியலமைப்பின் 2ஆம் பிரிவில் ஒரு வரியைச் சேர்த்தது: குடியரசின் மொழி பிரெஞ்சு. வட்டார மொழிகளுக்கு இதனால் ஆபத்தில்லை என்று அன்று உறுதி சொன்னார்கள். ஏழே வருடத்தில், சிறுபான்மை மொழிகளுக்கான ஐரோப்பிய சாசனத்தில் பிரான்ஸ் கையெழுத்திட்ட அடுத்த மாதமே, அரசியலமைப்பு மன்றம் அதே வரியையும் காட்டி, அந்தச் சாசனத்தில் அரசியலமைப்புக்கு முரணான பகுதிகள் இருக்கின்றன என்றது. இன்றுவரை பிரான்ஸ் அதை ஏற்புறுதி செய்யவில்லை. 2021இல் நாடாளுமன்றம் வட்டார மொழிகளுக்காக ஒரு சட்டம் நிறைவேற்றியது. எல்லாப் பாடத்தையும் வட்டார மொழியிலேயே நடத்தும் முறைக்கு அரசுப் பள்ளிகளிலும் இடம் தந்த பகுதியை, மறுமாதமே அதே 2ஆம் பிரிவைச் சொல்லி மன்றம் நீக்கியது. இத்தனைக்கும் நடுவில் ஆங்கிலத்துக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. என் மகள் பள்ளியில் முதல் வெளிநாட்டு மொழி ஆங்கிலம், கடைத்தெருவில் பெயர்ப்பலகைகள் ஆங்கிலம், பிள்ளைகள் கையில் இருக்கிற போனிலும் ஆங்கிலம்.

வேல்ஸின் கதை வேறு. அங்கே அரசு மொழியே ஆங்கிலம், அதனால் ஒடுக்கியதும் அதுதான். 1911இல் 43.5 சதவீதம் பேர் பேசிய வெல்ஷ், 2021இல் 17.8 சதவீதத்துக்கு வந்துவிட்டது. அங்கேயும் 19ஆம் நூற்றாண்டில் பிள்ளைகள் கழுத்தில் மரக்கட்டை தொங்கியது. ஆனால் அங்கே மக்கள் விடவில்லை. வெல்ஷ் மொழிக்குத் தனித் தொலைக்காட்சி தருவதாகச் சொன்ன வாக்கிலிருந்து அரசு பின்வாங்கியபோது, 1980இல் வெல்ஷ் அரசியல் தலைவர் குவின்ஃபோர் எவன்ஸ் சாகும்வரை உண்ணாவிரதம் இருப்பேன் என்று அறிவித்தார். அரசு இறங்கிவந்தது. 1982இல் ஒளிபரப்பு தொடங்கியது. ஆங்கிலத்தின் வாசலிலேயே இருக்கும் வெல்ஷுக்கு இன்று அதிகாரபூர்வ மொழி என்ற தகுதி உண்டு, பிரெத்தோனுக்கு இல்லை. கேள்வி கேட்டவர் இந்த ஒன்றை யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஆங்கிலத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். அது பிள்ளைகளின் மிச்ச நேரத்தை எடுத்துக்கொள்கிறது. மகளை பிரெத்தோனும் பிரெஞ்சும் சேர்ந்த வகுப்பில் சேர்த்தபோது, பள்ளி வாசலில் இன்னொரு தாய் என்னைக் கேட்டார்: "உங்கள் வீட்டில் ஏற்கெனவே தமிழ். இதில் பிரெத்தோன் எதற்கு? அந்த நேரத்தில் ஆங்கிலம் கற்றுக்கொள்ளட்டுமே." அவர் நல்ல எண்ணத்தில்தான் கேட்டார். ஆனால் ஒன்று வந்தால் இன்னொன்று போக வேண்டும் என்ற கணக்கே தப்பு. நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்தில் ஃபிரிசியன், டச்சு, ஆங்கிலம் மூன்றிலும் பாடம் நடத்தும் தொடக்கப்பள்ளிகள் இருக்கின்றன. இங்கேயும் 1977இல் ஐந்து பிள்ளைகளோடு தொடங்கிய திவான் என்ற தனியார் பள்ளிகளில் இன்று சுமார் 4,000 பேர் முழுக்க பிரெத்தோனில் படிக்கிறார்கள். (நம்மூர் திவான் இல்லை, பிரெத்தோனில் திவான் என்றால் முளைவிடுவது.) அந்தப் பிள்ளைகளும் ஆங்கிலம் படிக்கத்தான் செய்கிறார்கள்.

அப்புறம் ஒரு சங்கதி, தமிழர்களுக்குப் பிடிக்கும். தமிழ் என்பதன் கடைசி எழுத்தை ஆங்கிலத்தில் எழுத நாம் சேர்க்கும் இசட், எச் இரண்டும் பிரெத்தோனிலும் சேர்ந்தே வரும். அங்கே அது ழகரம் இல்லை. சில வட்டாரங்களில் 'ஸ்' என்று சொல்வதை எங்கள் பக்கத்தில் 'ஹ்' என்பார்கள். இருவரும் ஒரே மாதிரி எழுதட்டும் என்று 1941இல் செய்துகொண்ட ஏற்பாடு அது.

என் மகள் பள்ளியில் கற்றபடி பக்கத்து வீட்டுப் பாட்டியை மாம்-கோஸ் என்று கூப்பிட்டாள். பாட்டி என்று அர்த்தம். முதல் தடவை அவர் பதிலே சொல்லவில்லை, ரோசெலைக் கையில் பிடித்தபடி நின்றார். மறுநாள் அவள் திரும்பவும் அப்படியே கூப்பிட்டாள்.

"கோஸ் இல்லை, கோஹ்," என்றார் பாட்டி. "இந்த ஊரில் மாம்-கோஹ். எங்கே, சொல்லு."