காரைவிட்டு இறங்க மனம் வராத 20 நிமிடம்

கேள்வி: வணக்கம் டாக்டர். எனக்கு வயது 39. பட்டர்வொர்த்தில் ஃபிளாட் வீடு, பாயான் லெப்பாஸில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் 11 வருடமாக வேலை செய்கிறேன், போன வருடம் லைன் லீடர் ஆக்கினார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நைட் ஷிஃப்ட் மாறும். கணவருக்கு சிங்கப்பூரில் வேலை, மாதம் இரண்டு முறை வருவார். அம்மா என்னோடுதான் இருக்கிறார், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இரண்டு பிள்ளைகள் பள்ளியில். கொஞ்ச நாளாக வாட்ஸாப் சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது. ஒருநாள் மூச்சு முட்டி ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போனேன், இசிஜி நல்லா இருக்கு, ஸ்ட்ரெஸ்தான் என்று அனுப்பிவிட்டார்கள். வேலை முடிந்து வந்தால் ஃபிளாட்டின் கீழ்த்தள பார்க்கிங்கில் என்ஜினை அணைக்காமல் 20 நிமிடம் சும்மா உட்கார்ந்திருக்கிறேன், மேலே ஏற மனசு வரவில்லை. பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன், அப்புறம் அழுகிறேன். கூட வேலை செய்யும் அக்கா தூக்க மாத்திரை ஒரு அட்டை கொடுத்தார், போடலாமா? நாத்தனார் கண் பட்டிருக்கிறது என்கிறார். சில ராத்திரி, படுத்தால் எழுந்திருக்காமலே போய்விட்டால் நல்லது என்று தோன்றுகிறது. எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா? — பினாங்கு வாசகி

பதில்: சகோதரி, பைத்தியம் பிடிக்கவில்லை. ஆனால் நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த 'எழுந்திருக்காமலே போய்விட்டால்' வரியைத்தான் நான் முதலில் எடுக்கப்போகிறேன், மாத்திரையும் கண்ணும் அப்புறம்.

அந்த எண்ணம் ரொம்பக் களைத்துப்போன பலருக்கு வருவதுதான், என் அறையில் வாரம் ஒருவராவது தலையைக் குனிந்துகொண்டு அதைச் சொல்கிறார்கள். சாக வேண்டும் என்பதைவிட இதெல்லாம் கொஞ்சம் நின்றால் போதும் என்பதே பெரும்பாலும் அதன் அர்த்தம். இருந்தாலும் நேரில் இருந்தால் நான் கேட்கும் கேள்வியை இங்கேயும் கேட்கிறேன்: எப்படிச் செய்வது என்று யோசித்ததுண்டா, அதற்கென்று எதையாவது எடுத்து வைத்திருக்கிறீர்களா? ஒன்றுக்காவது 'ஆமாம்' என்றால் இதைப் படித்து முடிக்கக்கூட வேண்டாம், நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு இன்றைக்கே செபராங் ஜெயா மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பயந்து வாயைத் திறக்காமல் இருந்த காலம் போய்விட்டது, தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய, தண்டனைச் சட்டத்தின் 309வது பிரிவை 2023இல் நீக்கிவிட்டார்கள். 'இல்லை, எண்ணம் மட்டும்தான்' என்றால் இந்த வாரத்துக்குள் ஒரு மருத்துவரைப் பாருங்கள், அதுவரை மனசு கனக்கிற நேரத்தில் பேச பிஃப்ரெண்டர்ஸ் இருக்கிறது, 03-7627 2929, 24 மணி நேரமும் எடுப்பார்கள். சுகாதார அமைச்சின் தாலியான் ஹீல் எண் 15555, காலை 8 மணியிலிருந்து நள்ளிரவு வரை.

சரி, இப்போது நெஞ்சுப் படபடப்பு. இசிஜி நன்றாக இருந்தது நல்ல செய்திதான், ஆனால் அது அந்தச் சில நொடியில் இதயம் எப்படித் துடித்தது என்பதைத்தான் காட்டும். 'ஸ்ட்ரெஸ்தான்' என்று சொல்வதற்கு முன்னால் பார்க்க வேண்டியவை இன்னும் சில இருக்கின்றன. 39 வயதுப் பெண், களைப்பு, படபடப்பு, எரிச்சல் என்றால் நான் முதலில் ரத்தத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்ப்பேன், கூடவே சர்க்கரை. மாதவிலக்கு அதிகம் போகிறதா என்றும் கேட்பேன், ஏனென்றால் இரும்புச்சத்து குறைந்த உடம்பு இரண்டு மாடி ஏறினாலே படபடக்கும், அதைப் போய் 'டென்ஷன்' என்று வருடக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். நைட் ஷிஃப்டில் எத்தனை கோப்பி குடிக்கிறீர்கள் என்றும் எண்ணிப் பாருங்கள். ஒரு கோப்பியில் உள்ள காஃபினில் பாதி கழியவே ஐந்தாறு மணி நேரம் ஆகும், விடிகாலை 4 மணிக்குக் குடித்துவிட்டு 9 மணிக்குத் தூக்கம் வரவில்லை என்றால் எங்கே வரும்?

அன்றைக்கு மூச்சு முட்டியது, நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், பீதித் தாக்குதலாக இருக்கலாம். ஆபத்து வந்தால் ஓடத் தயாராவதற்காக உடம்பு அட்ரினலினைக் கொட்டும், ஓட இடமில்லாமல் உட்கார்ந்திருக்கும்போது அதுவே படபடப்பு, கை மரப்பு, செத்துப்போவோமோ என்ற பயம். பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் அப்புறம் தானாக இறங்கிவிடும். மறுபடி வந்தால் ஆழமாக இழுத்து இழுத்து மூச்சு விடாதீர்கள், எல்லாரும் அதைத்தான் சொல்வார்கள், அதில் தலைசுற்றல் கூடும். மெதுவாக விடுவதுதான் முக்கியம்: நான்கு எண்ணும்வரை மூக்கால் இழுத்து, ஆறோ ஏழோ எண்ணும்வரை சூடான மைலோவை ஊதுகிற மாதிரி உதட்டைக் குவித்து விடுங்கள், நான்கைந்து நிமிடம். நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினால் பீதி என்று நீங்களே முடிவுகட்டாமல் 999ஐ அழையுங்கள்.

அந்த அக்கா கொடுத்த அட்டையை அவரிடமே திருப்பிக் கொடுங்கள், அவர் நல்ல மனசோடுதான் கொடுத்திருப்பார். அந்த வகை மாத்திரைகளில் பல, சில வாரத்திலேயே பழக்கமாகிவிடும், அப்புறம் இல்லாமல் தூக்கமே வராது. நைட் முடித்துவிட்டு 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தில் லாரிகளுக்கு நடுவே ஓட்டி வருகிறவருக்கு, முதல் நாள் போட்டதன் மயக்கம் மிச்சமிருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மன அழுத்தத்துக்கென்று மருத்துவர் எழுதும் மருந்துகள் வேறு ரகம், அவை அப்படிப் பழக்கமாவதில்லை, ஆனால் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும், நிறுத்தும்போதும் மருத்துவரைக் கேட்டுத்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும். எல்லாருக்கும் தேவைப்படுவதும் இல்லை.

நாத்தனார் சொல்வதற்கு நான் சண்டைக்குப் போகமாட்டேன். தண்ணீர்மலைக்குப் போய் வாருங்கள், 500க்கும் மேற்பட்ட படி ஏறினால் உடம்புக்கும் நல்லது, முருகனிடம் அழுதுவிட்டு வந்தால் பாரமும் குறையும். ஆனால் கண் பட்டதால்தான் என்று சொல்லிவிட்டால் வீட்டில் யாரும் எதையும் மாற்ற வேண்டியதில்லை பாருங்கள், எனக்கு அதில்தான் சங்கடம்.

ஏனென்றால் உங்களுக்குச் சேர்க்க வேண்டியது எதுவும் இல்லை. யோகா பண்ணுங்கள், டைரி எழுதுங்கள், காலையில் அரை மணி சீக்கிரம் எழுந்திருங்கள் என்று நான் சொன்னால் ஏற்கெனவே நிரம்பி வழிகிற நாளில் இன்னும் மூன்று வேலை கூடும், செய்யாமல் போனதற்குக் குற்ற உணர்ச்சி வேறு. இருக்கிற பாரத்தை இறக்கி வைக்கத்தான் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒரு தாளில், வேலைகளை அல்ல, உங்கள் ஞாபகத்தில் மட்டும் இருக்கிறவற்றை எழுதுங்கள். அம்மாவின் அடுத்த அப்பாயின்மென்ட், பாஸ்பேட்டைக் குறைக்கிற மாத்திரை எத்தனை மிச்சம், டயாலிசிஸ் முடிந்து யார் கூட்டிவருவது, சின்னவனின் டியூஷன் ஃபீஸ், கேஸ் தோம்பு எப்போது தீரும், ஷிஃப்டில் யார் எம்.சி. (மருத்துவ விடுப்பு) எடுத்தால் யாரை நிறுத்துவது. ஒரு வாசகி இப்படி எழுதி எடுத்துவந்தார், 43 வரி, அதில் வீட்டில் வேறு யாருக்கும் தெரிந்தது இரண்டு. களைப்பு அங்கேதான் இருந்தது.

அந்தத் தாளிலிருந்து இரண்டு வரியை முழுசாகக் கைமாற்றுங்கள், நினைவுபடுத்தும் வேலையையும் சேர்த்து. 'நீ செய், நான் ஞாபகப்படுத்துறேன்' என்றால் பாரம் உங்களிடமே இருக்கும். அம்மாவின் அப்பாயின்மென்ட் கார்டையும் மருந்துப் பட்டியலையும் கூடப் பிறந்தவர் யாராவது வைத்துக்கொள்ளட்டும், ஒரு டயாலிசிஸ் நாள் அவர் பொறுப்பு. மாதம் பணம் அனுப்புகிறேனே என்பார்கள், எனக்குத் தேவை சனிக்கிழமை என்று சொல்லுங்கள். கணவரிடம் டியூஷன், பள்ளி, பில் கட்டுவது எல்லாம் போகட்டும், அதற்கு சிங்கப்பூரிலிருந்து ஃபோன் போதும். முதல் மாதம் எதையாவது மறப்பார்கள். மறக்கட்டும், நீங்கள் பாய்ந்துபோய்ப் பிடிக்காதீர்கள்.

வேலையில், ஓ.டி. (கூடுதல் நேர வேலை) செய்கிறீர்களா என்று எழுதவில்லை, செய்தால் இரண்டு மாதம் நிறுத்த முடியுமா என்று கணக்குப் பாருங்கள். பணம் இடிக்கும், தெரியும், எல்லாராலும் முடியாது. ஆனால் எம்.சி. எடுக்கக் கூச்சப்படாதீர்கள்: ஒரே இடத்தில் 5 வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வேலைச் சட்டப்படி வருடத்துக்கு 22 நாள் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு உண்டு, 11 வருடத்தில் நீங்கள் எத்தனை எடுத்திருப்பீர்கள் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. லைன் வாட்ஸாப் குழுவை ஷிஃப்ட் முடிந்ததும் ம்யூட்டில் போடுங்கள், அவசரமென்றால் ஃபோன் பண்ணட்டும்.

பக்கத்து அரசாங்க கிளினிக்கில் குடிமக்களுக்கு 1 ரிங்கிட்தான். கவுன்டரில் 'மனநலப் பரிசோதனை செய்யணும்' என்றால் போதும், மனச்சோர்வு, பதற்றம், ஸ்ட்ரெஸ் மூன்றையும் அளக்கிற, 21 கேள்விகள் உள்ள டாஸ் என்ற படிவம் கொடுப்பார்கள், போன ஒரு வாரம் எப்படி இருந்தீர்கள் என்பதைப் பற்றியது. அதில் நல்ல பிள்ளையாக நடந்துகொள்ளாமல் உள்ளபடி டிக் செய்யுங்கள். ரத்தப் பரிசோதனையையும் அங்கேயே கேளுங்கள். அந்தத் தாளையும் எடுத்துப் போங்கள், எனக்கு எழுதிய அந்த 'எழுந்திருக்காமலே' வரியை வாயால் சொல்ல வராவிட்டால் இந்தக் கடிதத்தையே நீட்டுங்கள்.

கடைசியாக அந்த 20 நிமிடம். அதைத் தப்பு மாதிரி எழுதியிருக்கிறீர்கள், எனக்கென்னவோ உங்கள் உடம்பு தானாகக் கண்டுபிடித்த ஒரே ஓய்வு அதுதான் என்று படுகிறது. அதை விடவேண்டாம். வீட்டில் 'ஏழேகால் மணிக்குத்தான் மேலே வருவேன்' என்று சொல்லிவிட்டே உட்காருங்கள். கீழ்த்தள பார்க்கிங்கில் புகை தங்கும், அதனால் என்ஜினை அணைத்துவிட்டுக் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள்.