மேகமும் தாமரையும் இல்லாத கல்வெட்டு

அன்பின் ஐயா,

நான் திருகோணமலை நகரில் ஓர் அச்சகத்தில் வடிவமைப்பாளராக வேலை செய்கிறேன். திருமண அழைப்பிதழ், கடைப் பதாகை, திருவிழா நோட்டீஸ் எல்லாம் செய்தாலும் அதிகம் வருவது கல்வெட்டுகள்தான். இரவில் வீட்டுக்குப் போனதும் கைப்பேசியில் உலகப் புகைப்படக் கலைஞர்களையும் வடிவமைப்பாளர்களையும் தேடித் தேடிப் பார்க்கிறேன். பிடித்தவற்றைச் சேமித்து வைக்கிறேன், ஆயிரத்தைத் தாண்டிவிட்டது. மறுநாள் கணினி முன் உட்கார்ந்தால் கை அதே மேகத்தையும் குத்துவிளக்கையும் தாமரையையும்தான் எடுத்து வைக்கிறது. இப்போது என் மேசையில் ஒரு மீனவரின் கல்வெட்டு இருக்கிறது. வீட்டார் தந்தது தேசிய அடையாள அட்டையில் இருந்த சிறிய படம் ஒன்று மட்டுமே. நான் பார்க்கும் பெரிய கலைஞர்களிடமிருந்து இந்த வேலைக்கு ஏதாவது கிடைக்குமா? அல்லது அது வேறு உலகமா?

தங்கள் வாசகன்,
திருகோணமலை

*

அன்பின் தம்பி,

தமிழ்நாட்டு வாசகர்களுக்காக முதலில் ஒரு வார்த்தை. இறந்தவரின் 31ஆம் நாளுக்கு உறவினரும் நண்பரும் கொண்டுபோக அச்சிடும் நினைவு நூலைத்தான் எங்கள் பக்கத்தில் கல்வெட்டு என்கிறோம். வாழ்க்கை வரலாறு, தேவாரம், புலம்பல் பாக்கள், நன்றி நவிலல் எல்லாம் அதில் இருக்கும்.

இஷியுச்சி மியாக்கோ என்ற ஜப்பானியப் புகைப்படக் கலைஞரின் தாயார் 2000ஆம் ஆண்டு இறந்தார். இருவருக்கும் இடையே பெரிய நெருக்கம் இருந்ததில்லை. இறந்த பிறகு வீட்டில் எஞ்சிக் கிடந்த பொருட்களை மகள் ஒவ்வொன்றாக எடுத்துப் படம்பிடித்தார். உள்ளாடைகள், பொய்ப்பற்கள், முடி சிக்கிய தூரிகை, தேய்ந்த உதட்டுச்சாயம். 2005இல் வெனிஸ் பினாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சியின் ஜப்பானிய அரங்கில் அந்தப் படங்கள் வைக்கப்பட்டன. பின்னர் ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்குப் பலியானவர்களின் உடைகளையும் அவர் படமெடுத்தார்.

உதட்டுச்சாயம் ஒவ்வொரு பெண்ணின் கையிலும் ஒவ்வொரு விதமாகத் தேயும். அந்தப் படத்தைப் பார்த்தபோது எனக்கு உப்புவெளியில் வாழ்ந்து மறைந்த என் பெரியம்மாவின் பாக்குவெட்டி நினைவுக்கு வந்தது. பெருவிரல் படும் இடத்தில் மட்டும் அதன் பிடி மினுங்கும். மற்ற இடமெல்லாம் கறுத்துப்போன இரும்பு. பெரியம்மாவின் கல்வெட்டை ஓர் அச்சகம் செய்து தந்தது. அட்டையில் இருந்தவரை எனக்கு அடையாளம் தெரியவில்லை. நிறத்தை வெளுக்க வைத்து, நெற்றிச் சுருக்கங்களை அழித்து, 81 வயதுக் கிழவியை மேகத்தின்மேல் இருத்தியிருந்தார்கள். பேரப்பிள்ளை ஒன்று அட்டையைக் காட்டி “இது ஆர்?” என்று கேட்டது. வெயிலில் கறுத்த அந்த முகத்தை நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து இரண்டாம் முறை இழந்தோம். இன்றும் அந்தக் கல்வெட்டை என்னால் விரித்துப் பார்க்க முடியவில்லை.

செய்தவர் கெட்டவர் அல்லர். உங்களைப் போல நல்லது செய்ய நினைத்தவர்தான். அழகு என்றால் சேர்ப்பது என்று நம்பியிருந்தார்.

நீங்கள் சேமித்த ஆயிரம் படங்களிலும் நீங்கள் பார்த்தது, அவற்றில் என்ன இருக்கிறது என்பதை. இனி ஒரு படத்தை மட்டும் எடுத்து, அதை எடுத்தவர் எதையெல்லாம் விட்டார் என்று பாருங்கள். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் சோல் லைட்டர் (1923–2013) நல்ல தொடக்கம். ஓவியராக வேண்டும் என்று நியூயோர்க்குக்குப் போனவர். 1940களின் இறுதியிலேயே வண்ணப்படங்கள் எடுக்கத் தொடங்கினார். அவற்றை உலகம் பரவலாக அறிந்தது 2006இல் ஒரு நூல் வந்த பிறகுதான், எண்பது வயதைக் கடந்த பிறகு. தாம் குடியிருந்த வட்டாரத்தின் சில தெருக்களையே பல பத்தாண்டுகள் படமெடுத்தார். 1957இல் எடுத்த ஒரு படத்தில் சட்டகத்தின் பெரும்பகுதி பலகைகளின் இருட்டு. நடுவே ஒரு கீற்றில் மட்டும் தெரு தெரிகிறது. அந்தக் கீற்றுக்குள் கண் எப்படிப் பாய்ந்து போகிறது என்று கவனியுங்கள். முழுத் தெருவையும் காட்டியிருந்தால் நாம் அதைப் பார்த்திருக்கவே மாட்டோம்.

அந்தப் படத்தை அச்சகத்தில் மிஞ்சும் கடதாசியில் கறுப்பு வெள்ளையில் அச்சிட்டு, ஒரு வாரம் கணினிக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். கடதாசிக் கீற்றுகளால் ஒவ்வொரு பகுதியாக மறைத்துப் பாருங்கள். எதை மறைத்தால் படம் சாகிறது, எதை மறைத்தாலும் சாகவில்லை என்பது கைக்குத் தெரியவரும். கண்ணுக்குத் தெரிவது வேறு, கைக்குத் தெரிவது வேறு. கைப்பேசியில் விரலால் தள்ளிக்கொண்டே போகும்போது இந்த இரண்டாவது அறிவு வருவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இதற்கு நீங்கள் நியூயோர்க் வரை போக வேண்டியதில்லை. கோணேசர் கோயிலுக்குப் போகும்போது பிரெட்ரிக் கோட்டை வாயிலில் பதித்திருக்கும் கல்லைக் கடந்துதான் போகிறீர்கள். இணைமீன்களும் சிதைந்த தமிழ் எழுத்துகளும் உள்ள கல். “முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியை” என்று நம்மூரில் மனப்பாடமாகச் சொல்லும் பாடலோடு சேர்த்துப் பேசப்படுவது. வெயில் சாய்வாக விழும் நேரத்தில் போய் அதன் முன்னால் கொஞ்ச நேரம் நில்லுங்கள். உங்கள் நூலுக்கும் அந்தக் கல்லுக்கும் ஒரே பெயர். ஓர் எழுத்துக்கு உளியை எத்தனை தடவை அடிக்க வேண்டும் என்று அதை வெட்டியவருக்குத் தெரியும். ஆகவே வேண்டாத ஒன்றை அவர் வெட்டியிருக்க மாட்டார். உங்களுக்குத் தாமரை வைக்க ஒரு சொடுக்குப் போதும். அது அவ்வளவு எளிதாக வந்துவிடுவதால்தான் எல்லாக் கல்வெட்டிலும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

எழுத்தைப் பற்றியும் இதையே சொல்வேன். பாமினி எழுத்துருவில் நெடுங்காலம் ஓடிய அச்சகங்கள் எங்களுடையவை. இப்போது எத்தனையோ எழுத்துருக்கள் வந்துவிட்டதால் ஒரே பக்கத்தில் ஐந்தைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் நிழலும் வெளிக்கோடும் கொடுக்கிறோம். ஞ, ண போன்ற எழுத்துகள் சுழிக்குள்ளே இருக்கும் வெற்றிடத்தால் வாழ்பவை. நிழல் போட்டால் அந்த இடம் அடைபட்டுவிடும். வயதானவர்கள்தான் கல்வெட்டை எழுத்துக்கூட்டி வாசிக்கிறார்கள், தம்பி. ஓர் எழுத்துரு, இரண்டு அளவு போதும்.

இனி உங்கள் மேசையில் இருக்கும் மீனவர். அந்தச் சிறிய படத்தை அட்டை முழுவதற்கும் பெருப்பிக்க வேண்டாம். பெருப்பித்தால் முகம் கலங்கும். அந்தக் கலங்கலை மறைக்கத்தான் மேகம் தேவைப்படுகிறது. ஏறத்தாழ அதன் அளவிலேயே, சுற்றிலும் வெள்ளையை விட்டு அட்டையில் வையுங்கள். கீழே பெயரும் ஊரும் பிறந்த, இறந்த ஆண்டுகளும். பார்ப்பவர் நூலை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவருவார். ஒரு கல்வெட்டு பார்ப்பவரிடம் கேட்க வேண்டியதும் அதுதான்.

வீட்டார் மேகமே வேண்டும் என்றால் வாதாடாதீர்கள். இழந்தவர்கள் அவர்கள். மேகத்தை அட்டையில் கொடுத்துவிட்டு, உள்ளே ஒரு பக்கத்தை மட்டும் உங்களுக்காகக் கேட்டு வாங்குங்கள். அதற்கு நீங்கள் அச்சகத்தை விட்டு எழுந்து அவர்களுடைய வீட்டுக்குப் போக வேண்டும். அவர்கள் தரும் தேநீரைக் குடித்துவிட்டு, “ஐயாவின் கையில் எப்போதும் எது இருக்கும்?” என்று கேளுங்கள். இணையத்தில் நீங்கள் தேடியது இந்தக் கேள்விக்கு அவர்கள் சொல்லும் பதிலில் இருக்கிறது. ஒருவர் ரேடியோ என்பார், இன்னொருவர் வெற்றிலைப் பை என்பார். இஷியுச்சி செய்ததைப் போலச் செய்வதாக நினைத்துக்கொண்டு நீங்களே ஒரு பொருளைத் தெரிவுசெய்துவிட வேண்டாம். அவர்கள் எடுத்துத் தருவதையே வாங்குங்கள்.

வாசற்கதவுக்குக் கிட்ட ஒரு வெறும் பாயில் அதை வைத்து, பகல் வெளிச்சத்தில் உங்கள் கைப்பேசியாலேயே எடுங்கள். பிளாஷ் வேண்டாம். துடைத்துச் சுத்தம் செய்ய வேண்டாம். அவர் வலை பொத்திய ஊசியை வீட்டார் எடுத்துத் தந்தால், அதில் பாதி சுற்றிய நூல் இருந்தால், நூலைக் கழற்றாமல் எடுங்கள்.

அன்புடன்.