காது கேளாத குழந்தையைச் சாதாரணப் பள்ளியில் சேர்ப்பதா, சிறப்புப் பள்ளியிலா?

நான்கு வயது மகனுக்குக் காது கேட்காது, பக்கத்துத் தெருப் பள்ளியா, விடுதியோடு இருக்கும் சிறப்புப் பள்ளியா என்று கேட்டிருக்கிறீர்கள். பிறவியிலேயே காது கேளாத நான் இரண்டிலும் படித்தவள்.

ஐந்தாம் வகுப்பு வரை சாதாரணப் பள்ளி. முதல் பெஞ்ச், காது மெஷின், டீச்சரின் வாயைப் பார்த்துப் புரிந்துகொள் என்ற அறிவுரை. கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் 'பாப்பா' என்று சொல்லுங்கள், அப்புறம் 'மாமா' என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசையும். டீச்சர் போர்டு பக்கம் திரும்பினால் அதுவும் போச்சு. பாதியை ஊகித்தேன், மீதியைப் பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதினேன். அங்கே யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'செவிட்டுப் பிள்ளை'தான்.

ஆறாம் வகுப்பில் சிறப்புப் பள்ளிக்குப் போனேன். அங்கேயும் வகுப்பறையில் சைகைக்குத் தடை, வாயால்தான் பேச வேண்டும். 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் காது கேளாதோர் கல்வி பற்றிக் கூடிய மாநாடு, சைகையை விட வாய்ப்பேச்சே மேல் என்று தீர்மானம் போட்டது. வாக்களித்தவர்களில் கிட்டத்தட்ட எல்லாருமே காது கேட்பவர்கள்! அந்த எண்ணம்தான் நம் ஊர் வகுப்பறை வரை வந்திருந்தது. விடுதியில் நிலைமையே வேறு. சினிமாக் கதை, வீட்டுச் சண்டை, வார்டன் மேல் கோபம் எல்லாம் கையிலேயே ஓடும். விளக்கை அணைத்த பிறகும் ஜன்னலில் விழும் தெருவிளக்கு வெளிச்சத்தில் பேசுவோம். என் புருவத் தழும்பை வைத்து அக்காமார் எனக்கு ஒரு சைகைப் பெயர் வைத்தார்கள். 'ஏன்?' என்று திருப்பிக் கேட்கவே அங்கேதான் கற்றேன். நான் குறையுள்ள பிள்ளை இல்லை, வேறு மொழி பேசும் பிள்ளை என்று புரிந்ததும் அங்கேதான்.

குறையும் உண்டு. எழுத்துத் தமிழில் நாங்கள் பின்தங்கினோம். வீட்டில் யாருக்கும் சைகை தெரியாததால் விடுமுறைகள் தனிமையில் கழிந்தன.

அதனால் கட்டடத்தைப் பார்க்காதீர்கள். ஆசிரியர்களுக்குச் சைகை மொழி தெரியுமா, காது கேளாத ஆசிரியர் இருக்கிறாரா, உங்கள் மகனைப் போன்ற பிள்ளைகள் உடன் படிக்கிறார்களா என்று கேளுங்கள். பக்கத்துத் தெருப் பள்ளியில் எல்லாவற்றுக்கும் 'இல்லை' என்றால் சிறப்புப் பள்ளிதான் என் தேர்வு. முடிந்தால் தினமும் வீட்டிலிருந்தே போய்வரட்டும். ஆபரேஷன் செய்து காதுக்குள் வைக்கும் காக்ளியர் கருவி பொருத்தினாலும் சைகையை நிறுத்தாதீர்கள்.

நீங்களும் இப்போதே கற்கத் தொடங்குங்கள். டெல்லியிலுள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மற்றும் பயிற்சி மையம் 2021இல் 10,000 சொற்கள் கொண்ட அகராதியை வெளியிட்டது. வீடியோக்களை இலவசமாகப் பார்க்கலாம். சாப்பாடு, வலி, பயம், ஏன் போன்ற சொற்களில் ஆரம்பியுங்கள். தாத்தா பாட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.