டிசைன் கற்க எந்த மென்பொருள்? முதலில் அச்சகத்தில் கேளுங்கள்

கேள்வி: பி.காம். முடித்திருக்கிறேன். யூடியூப் பார்த்து டிசைன் கற்று, விசிட்டிங் கார்டு, கல்யாணப் பத்திரிகை, கடை போர்டு செய்து கொடுக்க ஆசை. லேப்டாப்பில் 8 ஜிபி ரேம். பக்கத்துப் பயிற்சி மையத்தில் 35,000 ரூபாய் கட்டினால் போட்டோஷாப், கோரல் டிரா, இல்லஸ்ட்ரேட்டர் மூன்றையும் ‘ஃபுல் வெர்ஷனாக’ பென் டிரைவில் போட்டுத் தருவார்களாம். சேரலாமா? எதில் தொடங்குவது? - வாசகி, விருதுநகர் மாவட்டம்

பணத்தைக் கட்டாதீர்கள். இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருளில் தொடங்குங்கள். காசு கிடையாது, உங்கள் லேப்டாப்பே அதற்குத் தாராளம். போட்டோவில் பின்னணி நீக்குவது, வெளிச்சம் கூட்டுவது போன்ற வேலைக்கு பிரவுசரிலேயே ஓடும் போட்டோபியா போதும். மூன்று மாதம் இந்த இரண்டில் மட்டும் கை பழகட்டும்.

பயிற்சி மையங்கள் போட்டோஷாப்பில் ஆரம்பிப்பது பார்க்கப் பகட்டாக இருக்கும் என்பதால்தான். அதில் உருவாகும் படம் புள்ளிகளால் ஆனது, இழுத்துப் பெரிதாக்கினால் உடையும். நீங்கள் செய்யப்போகும் லோகோவும் கார்டும் போர்டும் கோடுகளால் வரைய வேண்டியவை. இதை வெக்டர் என்பார்கள். கார்டில் அரை அங்குலமாக இருக்கும் அதே லோகோ பத்தடி போர்டிலும் விளிம்பு பிசிறாமல் நிற்கும். இங்க்ஸ்கேப், கோரல், இல்லஸ்ட்ரேட்டர் மூன்றும் இந்த வகை. ஒன்றில் பழகிய கை அடுத்ததற்குச் சுலபமாகப் போகும்.

இப்போது அந்தப் பென் டிரைவைப் பற்றி. ‘ஆன்டிவைரஸை ஆஃப் செய்துவிட்டு இன்ஸ்டால் பண்ணுங்கள்’ என்று ஒருவர் சொன்னாலே அது திருட்டுப் பதிப்பு. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 63பி என்ன சொல்கிறது தெரியுமா? தெரிந்தே அப்படி ஒரு மென்பொருளைப் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். அதில் கார்டு அடித்துச் சம்பாதிக்கப் போவது நீங்கள், மாட்டுவதும் நீங்கள். பீஸ் வாங்கியவர் பதில் சொல்ல வரமாட்டார். வாட்ஸ்அப்பில் சில நூறு ரூபாய்க்கு வரும் ‘லைஃப்டைம் அடோபி’யும் இதே ரகம்தான். அடோபி 2013இலிருந்து சந்தாவுக்கு மாறிவிட்டது. இந்தத் தரகர்கள் பெரும்பாலும் யாரோ ஒரு நிறுவனத்தின் கணக்கில் உங்களை ஒட்டிவிடுகிறார்கள். அங்கே பெயரை நீக்கிய அன்று உங்கள் ‘லைஃப்டைம்’ முடிந்துவிடும். பின்னால் நேர்வழியில் சந்தா எடுத்தாலும், மாதச் சந்தாவா, ஆண்டு ஒப்பந்தத்துக்கு மாதத் தவணையா என்று பாருங்கள். இரண்டாவதைப் பாதியில் விட்டால் அபராதம் உண்டு. இதை வாடிக்கையாளருக்குத் தெளிவாகச் சொல்லவில்லை என்று 2024 ஜூனில் அமெரிக்க அரசு அடோபி மீது வழக்கே தொடுத்தது.

கட்டண மென்பொருள் எப்போது வாங்குவது? உங்கள் ஊரில் இரண்டு அச்சகத்தில் ஏறி, ‘எந்த ஃபைல் வாங்கிக்கொள்வீர்கள்?’ என்று கேளுங்கள். பிடிஎஃப் போதும் என்றால் இங்க்ஸ்கேப்போடு காலம் தள்ளலாம். கோரல் ஃபைல்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், வருமானம் வந்த பிறகு கோரல் வாங்குங்கள், எந்தப் பதிப்பு என்றும் கேட்டுக்கொண்டு. புதிய பதிப்பில் சேமித்தது பழையதில் திறக்காது. சேமிக்கும்போதே பதிப்பைக் குறைத்துக் கொடுக்க வேண்டும்.

அடுத்தது தமிழ். பயிற்சி மையங்கள் வாய் திறக்காத இடம் இது. எந்த மென்பொருளானாலும் முதல் நாளே யூனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) எழுத்துருவில் ‘ஸ்ரீ கௌசல்யா கொய்யாத் தோட்டம்’ என்று அடித்துப் பாருங்கள். ‘கொ’வின் கொம்பு ககரத்துக்கு இடப்பக்கம் நிற்க வேண்டும். வலப்பக்கம் தாவினால் அந்த மென்பொருள் தமிழுக்கு ஆகாது. இலவசமாகக் கிடைக்கும் அஃபினிட்டி என்ற டிசைன் மென்பொருளுக்கும் இந்தச் சோதனையை வைத்த பிறகே முடிவெடுங்கள். இங்க்ஸ்கேப் இதில் தேறிவிடும்.

இல்லஸ்ட்ரேட்டர் இதற்கு விதிவிலக்கு. அதில் கொம்பு தாவினாலும் மென்பொருளில் கோளாறில்லை, அமைப்புதான் மாற வேண்டும். பிரிஃபரன்ஸஸில் டைப் பகுதிக்குப் போய் ‘ஷோ இண்டிக் ஆப்ஷன்ஸ்’ என்பதை டிக் செய்யுங்கள். பிறகு எழுத்தைத் தேர்ந்தெடுத்து, பாராகிராப் பேனலின் மூலையில் உள்ள மெனுவில் ‘மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்’ கம்போசரை (எழுத்துகளைக் கோத்து அடுக்கும் முறை) கொடுங்கள். டிக் மட்டும் போட்டுவிட்டு கம்போசரை மாற்றாமல் விட்டால் பழைய எழுத்து அப்படியே உடைந்துதான் நிற்கும். இது தெரியாமல்தான் பலர் பாமினி மாதிரி பழைய எழுத்துருவுக்கு ஓடுகிறார்கள். பாமினியில் அடித்ததை வேறு எழுத்துருவுக்கு மாற்றினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் மிஞ்சும், கூகுளிலும் தேட முடியாது. 2010லேயே தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. இத்தனை ஆண்டு கழித்தும் ‘பாமினியில் கொடுங்க’ என்று கேட்பவர்கள் இருப்பது வெட்கக்கேடு. கூகுள் ஃபான்ட்ஸில் கட்டமரான், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கவிவனார் எல்லாம் இலவசம், தொழிலுக்கும் பயன்படுத்தலாம்.

பயிற்சிக்கு ஒரு விசிட்டிங் கார்டு போடுங்கள். கார்டின் அளவு 89 க்கு 51 மி.மீ. வெட்டும்போது கத்தி லேசாக நகரும் என்பதால் நாலு பக்கமும் 3 மி.மீ. கூட்டி 95 க்கு 57 என்று பக்கத்தை வையுங்கள். பின்னணி நிறம் அந்த ஓரம் வரை போகட்டும். எழுத்து, வெட்டுக்கோட்டிலிருந்து 4 மி.மீ. உள்ளே இருக்கட்டும். முடித்ததும் ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, இங்க்ஸ்கேப்பின் பாத் மெனுவில் ‘ஆப்ஜெக்ட் டு பாத்’ கொடுத்து எழுத்தைக் கோடாக்கிய பிறகே பிடிஎஃப் எடுங்கள். இல்லையென்றால் அச்சகக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாமல் பெயரின் எழுத்து மாறிவிடலாம். நகல் எடுக்காமல் கோடாக்கினால் நாளை போன் நம்பரைக்கூடத் திருத்த முடியாது.

இங்க்ஸ்கேப் திரை நிறத்தில்தான் பிடிஎஃப் தரும், அச்சு நிறத்துக்கு அச்சகத்தில் மாற்றுவார்கள். அப்போது பளீர் நீலம் ஊதாப் பக்கம் சாயும், பளிச்சென்ற பச்சை மங்கும். கருப்பு எழுத்தும் நாலு மையின் கலவையாகிவிடும். மை துளி விலகினாலும் சின்ன எழுத்து நிழலடிக்கும். ‘எழுத்தை மட்டும் தனிக் கருப்பு நூறு சதவீதம் ஆக்குங்கள்’ என்று சொல்லி, மாதிரி அச்சு (புரூஃப்) பார்த்துவிட்டே ஆர்டர் கொடுங்கள்.

ஆயத்த டிசைன்களைத் தரும் கான்வா தளத்தில் வாட்ஸ்அப் வாழ்த்து போடலாம். ஆனால் அதன் டெம்ப்ளேட் படத்தை எடுத்துக் கடைக்காரருக்கு லோகோ என்று விற்காதீர்கள். அந்தப் படம் எல்லோருக்கும் பொதுவானது, அதை வைத்து அவரால் டிரேட்மார்க் வாங்க முடியாது. லோகோ என்று கேட்டு வந்தால் கோட்டை நீங்களே போடுங்கள்.