இசிஜி தாளில் ஒரு வரி, முன்பணம் 15 ஆயிரமா?

கேள்வி: அம்மாவுக்கு 56 வயது. பாலக்கோடு பக்கம் கிராமம். இலவச முகாமில் எடுத்த இசிஜியில் ‘வலது மேலறை விரிவு’ என்று அச்சாகி வந்திருக்கிறது. முகாமுக்கு வந்திருந்த ஒருவர், “இதயம் வீங்கிப்போச்சு, உடனே பெங்களூர்ல ஆஞ்சியோ பண்ணணும், முன்பணம் 15 ஆயிரம் குடுங்க, வண்டிக்கு நானே சொல்லிடறேன்” என்கிறார். ஏரிக்கரை மேடு ஏறினால் அம்மாவுக்கு மூச்சு வாங்கும். மற்றபடி தக்காளித் தோட்டத்தில் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறார். ஆபரேஷன் தேவைப்படுமா?

பதில்: முதலில் அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். ஆபரேஷன் பற்றிப் பேசும் கட்டத்துக்கே நீங்கள் இன்னும் வரவில்லை.

இசிஜி இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவு செய்கிறது. அறையின் அளவை அது நேரடியாக அளப்பதில்லை. தாளில் ‘II’ என்று குறித்திருக்கும் வரிசையில் (இரண்டாவது லீட்), மேலறைகளின் மின்னோட்டத்தைக் காட்டும் ‘பி’ அலை இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் எழும்பினால், மெஷினுக்குள் இருக்கும் மென்பொருள் இந்த வரியை அடித்துத் தள்ளிவிடும். ஆள் ஒல்லியாக இருந்தாலும், பயத்தில் நெஞ்சு படபடத்தாலும் அலை உயரலாம். மேலறை நிஜமாகவே பெரிதாகியிருந்தும் இசிஜி சாதாரணமாக வருவதும் உண்டு. மெஷின் அடித்த வரிக்குக் கீழே ஒரு டாக்டரின் கையெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அதை யாரும் படித்துப் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம்.

அம்மாவுக்குத் தேவை எக்கோ, அதாவது இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன். நெஞ்சில் ஜெல் தடவிப் பார்ப்பது, ஊசியும் கிடையாது, வலியும் கிடையாது. வலது மேலறையின் பரப்பு 18 சதுர சென்டிமீட்டரைத் தாண்டினால்தான் பெரிதாகியிருக்கிறது என்பார்கள். அப்படியே வந்தாலும், விரிவு என்பது தனி நோய் அல்ல. வடிகால் அடைத்தால் வாசலில் தண்ணீர் தேங்கும் அல்லவா, அதுபோல வேறு எங்கோ இருக்கும் தொல்லை இங்கே வந்து தெரிகிறது. நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் கூடியிருக்கலாம். வலது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் உள்ள மூவிதழ் வால்வு கசியலாம். சிறுவயதில் வந்த கீல்வாதக் காய்ச்சல் இடதுபக்க வால்வைச் சுருக்கி, அதன் பாரம் வலதுபக்கம் ஏறியிருக்கலாம். விறகடுப்புப் புகையில் வருடக்கணக்காகச் சமைத்த பெண்களுக்கு நுரையீரல் கெட்டு இப்படி ஆவதும் உண்டு. டாக்டர் கேட்காவிட்டாலும் அடுப்பு விஷயத்தை நீங்களே சொல்லுங்கள்.

இதில் பெரும்பாலானவற்றுக்கு முதலில் மருந்துதான். ஒன்றை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் அதிகம் பயமுறுத்துகிறார்கள். இரண்டு மேலறைகளுக்கும் நடுவில் உள்ள சுவரில் பிறவியிலேயே ஓட்டை இருந்து, ஐம்பது வயதுக்கு மேல் தெரியவருவது உண்டு. இடதுபக்க ரத்தம் அந்த வழியாக வலதுக்குப் பாய்ந்து பாய்ந்து அறை விரிகிறது. ஓட்டை சுவரின் நடுவில் இருந்து, சுற்றிலும் விளிம்பு போதுமான அளவு இருந்தால், தொடை ரத்தக்குழாய் வழியாகக் கருவியைச் செலுத்தி மூடிவிடலாம், நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. உடலின் மேல்பகுதியிலிருந்து ரத்தம் கொண்டுவரும் மேல் பெருஞ்சிரை வந்து சேரும் இடத்தை ஒட்டி இருந்தால் பெரும்பாலும் அறுவைதான் வழி. இந்த வகை ஓட்டை சாதாரண எக்கோவில் தப்பிவிடலாம். அதனால் அறை பெரிதாக இருந்து காரணம் மட்டும் பிடிபடவில்லை என்றால், உணவுக்குழாய் வழியாக எடுக்கும் எக்கோ தேவையா என்று கேளுங்கள். ஆனால் நுரையீரல் அழுத்தம் மிகவும் ஏறி, ரத்தம் எதிர்ப்பக்கமாக ஓடத் தொடங்கிவிட்டால் ஓட்டையை மூடவே கூடாது. மூடினால் உயிருக்கே ஆபத்து. “ஓட்டை இருக்கு, நாளைக்கே மூடிடலாம்” என்று யாராவது சொன்னால், நுரையீரல் அழுத்தம் எவ்வளவு என்று திருப்பிக் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

அப்புறம் அந்த ஆஞ்சியோ. அது இதயத்துக்கு ரத்தம் கொடுக்கும் குழாய்களில் அடைப்பு இருக்கிறதா என்று பார்ப்பது. வலது மேலறை ஏன் விரிந்தது என்பதற்கு அதில் பதில் கிடைக்காது. முகாமில் பெயர் எழுதி, வண்டி வைத்து ஆள் சேர்ப்பவர்களுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கமிஷன் கிடைப்பது உண்டு. அம்மாவின் காப்பீட்டு அட்டை ஜெராக்ஸைக்கூட அவர்களிடம் கொடுக்க வேண்டாம்.

தர்மபுரியில் 2008 முதலும், கிருஷ்ணகிரியில் 2022 முதலும் அரசு மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. உங்களுக்கு தர்மபுரிதான் பக்கம். புறநோயாளிச் சீட்டு போட்டு, பொது மருத்துவரைப் பார்த்து எக்கோவுக்கு எழுதி வாங்குங்கள். பொதுவாக அரசு மருத்துவத்தில் மெஷின் இருந்தால் ஆள் இல்லை, ஆள் இருந்தால் தேதி இல்லை. கட்டடம் திறக்கக் காட்டும் வேகத்தில் பாதியை எக்கோ எடுக்கும் ஆட்களை நியமிப்பதில் காட்டினால், ஏஜென்ட்டுகளுக்கு இங்கே வேலையே இருக்காது. இரண்டு வாரம் கழித்துத் தேதி கொடுத்தாலும் அம்மா இருக்கும் நிலையில் காத்திருக்கலாம். பின்னால் சிகிச்சை தேவைப்பட்டால், ஆண்டு வருமானம் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். எந்த மருத்துவமனை பட்டியலில் இருக்கிறது என்று கலெக்டர் ஆபீசில் உள்ள காப்பீட்டு மையத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

படுத்தால் மூச்சுத் திணறுவது, மயங்கி விழுவது, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்துத் திடீரென்று மூச்சு இரைப்பது, இதில் எது வந்தாலும் தேதி பார்க்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

எக்கோவுக்குப் போகும்போது அந்த இசிஜி தாளும், அம்மா சாப்பிடும் மாத்திரை அட்டைகளும் கையில் இருக்கட்டும். இசிஜி தாள் வெயில் பட்டாலோ பிளாஸ்டிக் கவரில் கிடந்தாலோ கோடுகள் மங்கிவிடும், இன்றைக்கே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வையுங்கள்.