சினிமா, டிவி கார்களின் குட்டி மாடல்களைச் சேகரிக்க ஆசை. எந்த அளவில் ஆரம்பிக்கலாம், பழையது வாங்கலாமா?

முதலில் வீட்டில் இடம் எவ்வளவு என்று பாருங்கள். பெங்களூர் அல்சூரில் என் வாடகை வீட்டில் இருப்பது ஒரே ஒரு கண்ணாடி அலமாரி, அதனால் 1:43-லேயே, அதாவது நிஜக் காரில் 43-ல் ஒரு பங்கு அளவிலேயே, நின்றுவிட்டேன். நாலரை மீட்டர் கார் அதில் பத்தரை சென்டிமீட்டர் வரும். 1:18 என்றால் 25, நாலு வாங்கினால் ஒரு தட்டே நிறைந்துவிடும். 1:64 உள்ளங்கைக்குள் அடங்கும், விலையும் குறைவு, ஆனால் நைட் ரைடர் டிவி தொடரில் வரும் காரின் மூக்கில் ஓடும் சிவப்பு விளக்கு அதில் பெரும்பாலும் வெறும் பெயின்ட் கோடுதான்.

படத்தில் இருந்த மாதிரியே வேண்டும் என்று ரொம்ப அடம்பிடிக்காதீர்கள். ஜேம்ஸ் பாண்ட் படமான கோல்ட்ஃபிங்கரின் (1964) ஆஸ்டன் மார்ட்டின் டிபி5 வெள்ளி நிறம். 1965-ல் கார்கி என்ற பொம்மை கார் கம்பெனி விட்ட மாடலோ தங்க நிறம்! ஆனாலும் படத்தில் போலவே கூரை திறந்து ஆளைத் தூக்கி எறியும் சீட் அதில் உண்டு. பழையதில் அந்தக் குட்டி ஆள் இருக்கிறானா என்று பாருங்கள், பல வீடுகளில் சோபாவுக்கு அடியில் போயிருப்பான்.

சரி, சிக்பேட்டை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பழையது கிடைத்தால்? அடிப்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். மயிரிழை விரிசலோ பெயின்ட் குமிழோ தெரிந்தால் துத்தநாகக் கலவையில் ஈயம் சேர்ந்த கோளாறாக இருக்கலாம், அதற்கு மருந்தே கிடையாது. நான் அரைமணி நேரம் பேரம் பேசி ஜெயித்த கார் ஒன்று ஆறே மாதத்தில் அலமாரியில் நின்றபடியே பொடிந்துபோனது.